வெள்ளி அடைப்பும் வெள்ளை அடைப்பும்

நம்மூரில் அறுபதைத் தாண்டியவர்கள் யாராவது வாய்விட்டுச் சிரிக்கும்போது கவனித்துப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். சொத்தை என்று நினைத்துவிடக் கூடாது. முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் போட்ட வெள்ளி அடைப்பு அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாயில் அந்தக் கறுப்பைப் பார்க்க முடியாது. பல்லின் நிறத்திலேயே அடைத்திருப்பார்கள். எது பல், எது அடைப்பு என்று நமக்குத் தெரியாது.

கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வந்த இந்தப் பயணம் ஏதோ நாகரிக மோகத்தில் நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதன் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான சோதனைச்சாலை வேலை இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வேதியியல் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் இந்தக் கதையில் எனக்குத் தனி ருசி உண்டு. படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாதரசத்தின் ஆட்சி

பாதரசம் நமக்குப் புதிதல்ல. ரசமணி கட்டுவதும் ரசவாதமும் சித்தர்கள் பெயரோடு சேர்ந்தே நம் காதில் விழுந்தவை. திரவமாக ஓடும் பாதரசத்தில் வெள்ளித் தூளைச் சேர்த்துப் பிசைந்தால் கொஞ்ச நேரம் வெண்ணெய் போல இருக்கும். பிறகு கல்லாக இறுகிவிடும். பல்லை அடைக்க இதைவிட வசதியான குணம் வேறென்ன வேண்டும்? 1826-இல் பாரிஸில் தாவோ என்பவர் வெள்ளி நாணயத்தை அராவி, அந்தத் தூளைப் பாதரசத்தோடு கலந்து பல் அடைத்தார். 1833-இல் கிராக்கூர் சகோதரர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தங்கத் தகட்டால் பல் அடைத்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். பாதரசம் வைத்து அடைக்க மாட்டோம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால்தான் தங்கள் சங்கத்தில் இடம் என்று 1840-களில் விதி போட்டார்கள். கடைசியில் 1856-இல் அந்தச் சங்கமே கலைந்தது. பாதரசம் நிலைத்துவிட்டது. விலை மலிவு, வேலை சுலபம், காரணம் அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கால அடைப்புகளில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. சில கலவைகள் இறுகும்போது சுருங்கின, ஓரத்தில் இடைவெளி விழுந்தது. சில விரிந்தன, பல்லையே பிளந்தன. எந்தக் கலவை எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதை அளந்து பார்த்தவர் சிகாகோவின் ஜி.வி. பிளாக். 1890-களில் அவர் உலோகக் கலவைகளைக் கூடுதல் குறைவாகக் கலந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு விரிகிறது என்று பதிவு செய்தார். மனிதன் கடைவாயில் எவ்வளவு பலமாகக் கடிக்கிறான் என்பதை அளக்கவும் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். வாயில் போடும் முன் மேசையில் சோதித்துப் பார் என்ற வழக்கம் பல் வைத்தியத்தில் வேர் பிடித்தது அவரிடமிருந்துதான்.

அடுத்து அமெரிக்க அரசின் தர நிர்ணயக் கழகம். 1919-இல் ராணுவத்துக்கு வாங்கும் பல் அடைப்புப் பொருள்களைச் சோதிக்கும் வேலை அங்கே வந்தது. இயற்பியலாளர் வில்மர் சௌடர் அதை ஏற்றுக்கொண்டார். கடையில் விற்றதில் பல சரக்குகள் தரமற்றவை என்று தெரியவந்தது. 1928-இலிருந்து அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் ஆட்களையே அங்கு உட்கார வைத்து ஆராய்ச்சி நடத்தியது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அடைப்பும் இதே கூரையின் கீழ்தான் பிறந்தது.

நம் பக்கத்தில் 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அந்தக் காலத்தில் படித்து வந்த மருத்துவர்களிடம் பல் அடைத்துக்கொண்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: சின்னக் கல்வத்தில் வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் போட்டு அரைப்பார்கள், துணியில் வைத்துப் பிழிந்து அதிகப்படியான பாதரசத்தை வெளியேற்றுவார்கள், பிறகு பல்லில் வைத்து அழுத்துவார்கள். நாட்டு மருந்துக்கடைக் கல்வத்துக்கும் அதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

பிசினும் கல்லும்

பாதரச அடைப்பின் குறை இரண்டு. ஒன்று நிறம். மற்றது, அது பல்லோடு ஒட்டாது. பல்லைக் குடைந்து, உள்ளே அகலம், வாயில் குறுகல் என்று குழி வெட்டி, அடைப்பு கழன்று வராதபடி பூட்டிவைக்க வேண்டும். இதற்காகச் சொத்தையில்லாத நல்ல பல்லையும் வெட்ட வேண்டியிருந்தது.

1940-களில் அக்ரிலிக் பிசினை வைத்து அடைத்துப் பார்த்தார்கள். நிறம் பொருந்தியது. ஆனால் இறுகும்போது மிகவும் சுருங்கியது, சீக்கிரம் தேய்ந்தது, ஓரத்தில் எச்சில் புகுந்து மறுபடி சொத்தை வந்தது.

1955-இல் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவனகோர் ஒரு எளிய காரியம் செய்தார். உலோகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவினால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் என்பது தொழிற்சாலைகளில் தெரிந்த விஷயம். அதே அமிலத்தை அவர் பல்லின் எனாமல் மேல் தடவினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் விழுந்தன. பிசின் அவற்றில் இறங்கி இறுகியது, பிடியை விடவில்லை. சுவரைக் கொத்திவிட்டுப் பூசினால் பூச்சு நிற்கும் என்று நம் கொத்தனார் சொல்வதும் இதைத்தான்.

அடுத்த அடி, நான் மேலே சொன்ன அதே தர நிர்ணயக் கழகத்தில் இருந்த ரஃபேல் போவன் வைத்தது. பல் மருத்துவரான அவர் 1950-களின் பிற்பகுதியில் எபாக்ஸிப் பிசினில் குவார்ட்ஸ் தூளைக் கலந்து பார்த்தார். அது இறுக அதிக நேரம் எடுத்தது. நோயாளி அவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடி உட்கார முடியாதே! எனவே எபாக்ஸியின் கனத்த மூலக்கூறையும் அக்ரிலிக்கின் வேகமாக இறுகும் நுனியையும் சேர்த்து ஒரு புதுப் பொருளை உண்டாக்கினார். பிஸ்-ஜிஎம்ஏ என்பது அதன் பெயர். 1962-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட கடைகளில் விற்கும் கம்போசிட்டுக்கு அதுவோ அதன் உறவுக்காரனோதான் அடிப்படை என்றால் மிகையில்லை.

கம்போசிட் என்றால் கலவை. வீட்டுக்குத் தளம் போடும் கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜல்லிதான் பாரத்தைத் தாங்குகிறது. சிமெண்ட் அதைப் பிடித்து வைக்கிறது. இங்கே ஜல்லிக்குப் பதில் கண்ணாடித் தூளோ குவார்ட்ஸோ. எடையில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு அதுதான். சிமெண்டுக்குப் பதில் பிசின். பிசின் கண்ணாடியோடு நேராக ஒட்டாது. அதனால் ஒவ்வொரு துகளின் மேலும் சிலேன் என்ற பொருளைப் பூசுகிறார்கள். அதற்கு ஒரு கை கண்ணாடியைப் பிடிக்க, மறு கை பிசினைப் பிடிக்க. கல்யாணத் தரகர் போல என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் மறக்கவே மாட்டார்கள்.

கற்பூரத்தின் பங்கு

முதலில் வந்த கம்போசிட்டுகள் இரண்டு பசைகளாக இருந்தன. கலந்தவுடன் இறுக ஆரம்பித்துவிடும். மருத்துவர் அவசர அவசரமாக வேலை செய்ய வேண்டும். 1970-களில் புற ஊதா ஒளியால் இறுகுவதும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியால் இறுகுவதும் வந்தன. பேரப்பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனவர்கள் அந்த நீல விளக்கைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஒளியை வாங்கிக்கொண்டு வேதிவினையைத் தொடங்கிவைப்பது கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் பொருள். பெயரிலேயே கற்பூரம் இருக்கிறது. கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம் செய்துதான் அதைத் தயாரிக்கிறார்கள். சுமார் 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால் அது விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் பிறந்த பிசினைப் பற்றவைக்க நம் பூஜையறைச் சரக்கு தேவைப்பட்டிருக்கிறது! பிரகாசமான நீல எல்.இ.டி. விளக்கு 1990-களில் வந்த பிறகு பழைய ஹாலஜன் விளக்குகள் மெல்ல ஒதுங்கின. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மேசை மேல் என்ன சோதிக்கிறார்கள்?

பல் அடைப்புப் பிசின்களுக்கு உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 4049 என்ற தரவரைவு இருக்கிறது. அதன் முக்கியமான சோதனைகளைச் சொல்கிறேன். நம் பள்ளி ஆய்வகத்தில் செய்வது போன்ற எளிய விஷயங்கள்தான்.

முதலாவது, வளைக்கும் சோதனை. 25 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம் உள்ள குச்சியாகப் பொருளை வார்த்து, உடம்புச் சூடான 37 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் வைக்கிறார்கள். பிறகு 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து நடுவில் அழுத்துகிறார்கள். கடைவாயில் மெல்லும் பரப்புக்கு உரிய பொருள் என்றால் குறைந்தது 80 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீக்குச்சி கனமுள்ள அந்தத் துண்டு நடுவில் ஏறக்குறைய 2.2 கிலோவைத் தாங்க வேண்டும் என்று வருகிறது.

இரண்டாவது, எவ்வளவு ஆழம் இறுகியது என்ற சோதனை. சின்னக் குழாய் அச்சில் பசையை நிரப்பி மேலிருந்து ஒளி காட்டுகிறார்கள். பின்பு வெளியே தள்ளி, அடியில் இறுகாத மெத்தையான பகுதியைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எறிகிறார்கள். மிஞ்சியதை அளந்து, அதில் பாதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் பாதி? சுரண்டலுக்கு நின்றுவிட்டதாலேயே உள்ளே முழுக்க இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. வழக்கமான நிறங்களுக்கு அந்தப் பாதி 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நல்ல மருத்துவர் குழியை ஒரே தடவையில் நிரப்பாமல் 2 மி.மீ. அடுக்கு அடுக்காக வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் விளக்குக் காட்டுவது இதனால்தான்.

மூன்றாவது, எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது, எவ்வளவு கரைகிறது என்பது. ஒரு கன மில்லிமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் உறிஞ்சக் கூடாது, 7.5 மைக்ரோகிராமுக்கு மேல் கரையக் கூடாது.

இவை தவிர, ஆராய்ச்சியாளர்கள் அடைத்த பல்லை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றி முக்குவார்கள். ஐஸ்கிரீமும் சூடான காபியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லும் அடைப்பும் ஒரே அளவில் விரிந்து சுருங்காது என்பதால் ஓரம் பிரிகிறதா என்று சாயம் விட்டுப் பார்ப்பார்கள். சுருக்கத்தையும் அளப்பார்கள். பொதுவாகக் கன அளவில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு சுருங்கும். சிறிய எண்தான். ஆனால் பல்லின் சுவரை இழுக்கவோ ஓரத்தில் மயிரிழை விரிசல் விடவோ அது போதும்.

வாய் சொன்ன வேறு கதை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதல் தலைமுறைக் கம்போசிட்டுகள் சோதனை மேசையில் நல்ல எண்களைக் காட்டின. நம்பிக்கையோடு கடைவாயில் வைத்தார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிலிப்ஸ் குழு 1970-களின் தொடக்கத்தில் அதே நோயாளிகளை வருடா வருடம் அழைத்துப் பார்த்தது. முதல் வருடம் வெள்ளி அடைப்புக்கும் கம்போசிட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவது வருடத்துக்குள் கம்போசிட் தேய்ந்து, பல்லின் மேடு பள்ளம் மழுங்கிப்போனது தெளிவாகத் தெரிந்தது.

காரணம் என்ன? அன்றைய குவார்ட்ஸ் துகள்கள் பெரியவை. பத்து, இருபது மைக்ரானுக்கு மேலும் இருந்தன. மெல்லும்போது இடையிலிருந்த பிசின் முதலில் தேய்ந்தது. துருத்தி நின்ற துகள் பிறகு பெயர்ந்து விழுந்தது. மழை அடித்த சிமெண்ட் ரோட்டில் ஜல்லி பல்லிளிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். மேசைச் சோதனை ஒரே தடவை அழுத்தி முறித்துப் பார்த்தது. வாயோ ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தடவை அரைக்கிறது. கேட்ட கேள்வி வேறு, வேண்டிய பதில் வேறு.

ஆகவே சோதனையையே மாற்றினார்கள். ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்லூரியில் 1980-களில் ஒரு தேய்மான இயந்திரம் உருவானது. இரண்டு சக்கரங்கள். ஒன்றின் விளிம்பில் சோதிக்க வேண்டிய பொருள், மற்றது எதிர்ப்பல். இரண்டுக்கும் நடுவில் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு கூழ். அந்தக் கூழில் என்ன போட்டார்கள் தெரியுமா? அரிசியும் பொடித்த சிறுதானிய உமியும்! ரைஸ் மில்களின் சத்தத்தில் வளர்ந்த களம்பூர்க்காரனுக்கு இதைப் படித்தபோது வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கேட்டிருந்தால் மூட்டை கணக்கில் அனுப்பியிருப்போமே!

நம் அனுபவமும் அதைத்தானே சொல்கிறது? அந்தக் காலத்துச் சோற்றில் கல் இல்லாத நாள் கிடையாது. முறத்தில் புடைத்து, அரித்து வடித்தாலும் ஒரு கல் தப்பிவிடும். நறுக்கென்று கடித்து எத்தனை பேருக்கு அடைப்பு பெயர்ந்திருக்கிறது! மில்களில் கல் நீக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் நம் பற்களுக்கு நிம்மதி.

இப்படிச் சோதித்துச் சோதித்துத் துகளைச் சிறிதாக்கினார்கள். பத்து மைக்ரான், ஒரு மைக்ரான், பிறகு நானோ அளவு. இன்றைய நல்ல கம்போசிட்டுகளின் தேய்மானம் ஏறக்குறைய எனாமலின் தேய்மானத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் நடந்த வேலை

இவ்வளவும் வெளிநாட்டுக் கதை. வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்தால் விலை நம் ஆட்களுக்குக் கட்டுமா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த இடத்தில் வளர்ந்து, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் குறைந்த விலை இதய வால்வை உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியவர்கள். பூஜப்புரையில் இருக்கும் பழைய அரண்மனைதான் அவர்களுடைய உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு.

அங்கே பல் அடைப்புப் பிசினுக்கும் தனியாக வேலை நடந்தது. பிஸ்-ஜிஎம்ஏ தேனைவிடக் கெட்டி. அதில் துகளைக் கலக்க நீர்த்த பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதிகம் சேர்த்தால் கலக்கச் சுலபம், ஆனால் சுருக்கம் கூடும். பாவுக்குக் கஞ்சி போடுகிற பதம் மாதிரி. கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். நீர்க்கவைக்கும் பொருள் ஒளியால் இறுகும் கம்போசிட்டின் குணங்களை எப்படி மாற்றுகிறது என்று கல்யாணகிருஷ்ணன், மஞ்சுஷா, யமுனா ஆகியோர் எழுதிய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. அங்கே உருவான கம்போசிட் தொழில்நுட்பம் சென்னையின் அனபாண்ட் ஸ்டெட்மன் நிறுவனத்துக்குக் கைமாறி, உள்நாட்டுத் தயாரிப்பாகக் கடைக்கு வந்தது. இதய வால்வைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. பல் அடைப்பைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. சின்ன ஊர் மருத்துவமனையின் நாற்காலியில் உட்காரும் ஏழைக்கு இரண்டும் வேண்டியவைதான்.

எதைப் போடுவது, எதை எடுப்பது?

போன மாதம் எங்கள் தெருவில் தறி நெய்யும் பெரியவர் ஒருவர் கைபேசியோடு வந்தார். "வாத்தியார் சார், வெள்ளி அடைச்ச பல்லு வெசமாமே? எனக்கு நாலு இருக்குது. எல்லாத்தையும் நோண்டி எடுத்துட்டு வெள்ளையா போட்டுடலாம்னு பையன் சொல்றான்" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான். பட்டுச் சேலை நெய்து வரும் கூலியில் நான்கு பல்லுக்கான செலவு அவருக்குச் சாதாரணமல்ல.

"அண்ணே, வலி இருக்குதா? ஆடுதா? ஓரம் பெயர்ந்திருக்குதா?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை, முப்பது வருடமாக அப்படியே இருக்கிறது என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாதரசத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் உலகம் ஒன்றுபட்டிருக்கிறது. மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பாதரச அடைப்பை நிறுத்தியது. 2034-க்குள் உலகம் முழுவதும் கைவிடுவது என்று 2025 நவம்பரில் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. ஆனால் இவை இனி போடும் அடைப்புகளைப் பற்றியவை. நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அப்படி எடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்றே சொன்னது. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகமாகக் கிளம்புகிறது. நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது.

வெள்ளை நிலைத்து நிற்குமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. லிஸ்பனில் குழந்தைகளிடம் ஏழு வருடம் நடத்திய ஆய்வில், கடைவாயில் வெள்ளி அடைப்பு நூற்றுக்கு 94.4 தாக்குப்பிடித்தது, கம்போசிட் 85.5. பெரும்பாலும் கெட்டுப்போனதற்குக் காரணம் பொருள் உடைந்தது அல்ல, ஓரத்தில் மறுபடி சொத்தை வந்தது. ஈரம் பட்டால் வெள்ளி பொறுத்துக்கொள்ளும், பிசின் பொறுக்காது. எச்சில் ஒரு துளி புகுந்தாலும் ஒட்டு கெடும். விளக்கின் பலம் குறைந்திருந்தால் மேலே கல்லாகவும் அடியில் களியாகவும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஐ.எஸ்.ஓ. முத்திரை பொருளுக்குத்தான், அதை வைக்கும் கைக்கு இல்லை.

எனவே வெள்ளை அடைப்புக்குப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பல்லைச் சுற்றிப் பஞ்சோ ரப்பர் திரையோ வைத்து உலர்த்துகிறார்களா? அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் விளக்குக் காட்டுகிறார்களா? முடிந்த பிறகு கடிக்கச் சொல்லி, உயரம் பார்த்துத் தேய்த்துவிடுகிறார்களா? இவற்றுக்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தாமல் உட்காருங்கள்.

பெரியவரின் நாலு வெள்ளியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டினால் போதும் என்று அவருடைய மகனையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மிச்சமான பணத்தில் பேத்தியின் கடைவாய்ப் பல்லுக்கு, சொத்தை ஆழமாகப் போவதற்குள், வெள்ளையில் அடைத்துவிட்டார்கள். அதுதான் சரியான செலவு. கடைசியாக ஒன்று: எந்தச் சோதனைச்சாலையும் இதுவரை சொந்தப் பல்லுக்குச் சமமான ஒரு பொருளைத் தரவில்லை. ராத்திரி படுக்கும் முன் பல் துலக்குவதற்கு ஐ.எஸ்.ஓ. எண் எதுவும் தேவையில்லை.